தூங்க விடாத இடம்

சியோலுக்கு வெளியே ஒரு சிறை. சந்திப்பு அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இரு பக்கமும் கொலைகாரன் மா பில்கியூவும் பள்ளி இறுதியாண்டு மாணவன் ஹன்சோலும் உட்கார்ந்திருந்தார்கள். சிறை வேனும் பள்ளிப் பேருந்தும் மோதிய அன்று இருவரும் உடம்பு மாறிப் போயிருந்தார்கள். இரண்டு பேரும் மனம் ஒப்பிக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டினால் பழையபடி ஆகிவிடலாம் என்று ஒரு பூசாரியம்மா சொல்லியிருந்தாள்.

ஒருவன் முதலில் நெற்றியைப் பதித்தான்.

“என் உடம்பைக் குடுத்துடு. செத்துடுவேன் போலிருக்கு. விடியறதுக்கு முன்னாடி எழுப்பறாங்க. நடுராத்திரி வரைக்கும் அடைச்சு வைக்கிறாங்க. போனைப் பிடுங்கிட்டாங்க. கண் அசந்தா முதுகுல ஒண்ணு வைக்கிறாங்க.”

எதிரே இருந்தவன் நிதானமாகக் கொட்டாவி விட்டான். “முடியாது.”

“உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா?”

“இங்கே ஒன்பது மணிக்கு அவங்களே படுக்கச் சொல்றாங்க அண்ணே. பிறந்ததிலிருந்து நான் இப்படித் தூங்கினதே இல்லை. நவம்பர்ல என் காலேஜ் நுழைவுப் பரீட்சையை நீங்களே எழுதிட்டு வாங்க. அப்புறம் மாத்திக்கலாம்.”

ஊரையே நடுங்க வைத்த பில்கியூ, பள்ளிச் சீருடையின் கையில் கண்ணீரைத் துடைத்துக்கொண்டான்.

கதவைத் திறந்து ஹன்சோலின் அம்மா எட்டிப் பார்த்தாள். “கைதிக்கு ஆறுதல் சொல்லியாச்சா? சமூக சேவை மார்க்குக்கு இது போதும். வா, கணக்கு டியூஷனுக்கு நேரமாச்சு.”

“அம்மா... பரீட்சையில கோட்டை விட்டுட்டா?”

அவள் அவன் தலையைப் பாசமாகக் கோதினாள்.

“அதுக்கென்ன கண்ணா? நல்ல காலேஜ் கிடைக்கிற வரைக்கும் வருஷா வருஷம் எழுதலாம். அம்மா உன்னை விட்டுடுவேனா?”