முப்பத்தெட்டுப் படிவங்கள்

ஒரு பெண்பிள்ளையின் ரகசியத்துக்கு நேர்ஸ் நேசமலர் வைத்த விலை ஒரு ரொபி மிட்டாய். போர்க்காலக் கொழும்பில், வெள்ளவத்தைப் பள்ளிக்கூடத்துப் பத்தாம் வகுப்பு மாணவிகள் முப்பத்தெட்டுப் பேரும் ரொபியை வாங்கிக்கொண்டார்கள். சுகாதாரப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள், 'மாதவிடாயில் சிக்கல் உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்ற பதிலோடு திரும்பி வந்தார்கள். பெற்றோர் கையெழுத்தோடு ஒரு 'ஆம்' கிடைத்தால்தான் மேலிடம் பெண் டாக்டரை அனுப்பும்.

மாதாமாதம் வகுப்பில் மயங்கி விழும் தர்சினியின் படிவத்திலும் 'இல்லை'தான். நேசமலர் அவளைக் கூப்பிட்டாள்.

"வெக்கமோ பிள்ளை?"

"வெக்கம் என்னத்துக்கு மிஸ்ஸி? பத்து நாளா நிக்காமப் போகுது. எழும்பேலாமக் கிடக்கு."

"பிறகேன் இல்லையெண்டு எழுதினனீ?"

"அப்பா எழுதினவர். பேர், விலாசம், வீட்டில எத்தனை பேர் எண்டு கேட்டிருக்கெல்லே? தமிழாக்கள் வீட்டில ஆர் ஆர் தங்கியிருக்கினமெண்டு பொலிசில பதியோணுமெல்லே, இதுவும் பொலிசுக்குத்தான் போகுமெண்டு பயந்திட்டார்."

நேசமலர் படிவத்தை மறுபடி வாசித்தாள்.

'மாதவிடாயில் சிக்கல் உண்டா?'

'இல்லை. வீட்டில் விருந்தாளிகளும் இல்லை.'

ஆத்திரத்தோடு மற்றப் படிவங்களையும் புரட்டினாள். பிறகு மேலிடத்துக்குக் கணக்கு எழுதினாள்: படிவம் முப்பத்தெட்டு, கேட்காமலே இணைத்த பொலிஸ் பதிவுப் பிரதி முப்பத்தெட்டு, நோயாளி பூச்சியம், டாக்டர் தேவையில்லை.