மற்றும் பலர்

மரகதவல்லி மூன்றாம் நாளும் ஏமாந்து ‘க’ இழுப்பறையை மூடியபோது, பாதி திறந்து கிடந்த ‘அ’ இழுப்பறையில் ஓர் அட்டை தன்னைக் கோத்திருந்த கம்பியோடு மல்லுக்கட்டத் தொடங்கியது. நூலகத்தின் புகைப்பட அட்டைகளில் ‘கூலிப் பெண்கள்’ என்ற தலைப்பையே அவள் தேடிக்கொண்டிருந்தாள். அணைக்கட்டு வேலையில் சாந்துச்சட்டி சுமந்த அவள் அம்மா பேச்சியம்மாளுக்கு வீட்டில் ஒரு படம்கூட இல்லை.

“சும்மா கிட. உன் மேல் ‘அமைச்சர் மற்றும் பலர், அணை திறப்பு’ என்றுதானே எழுதியிருக்கிறது?” என்றது பக்கத்து அட்டை.

“அந்தப் பலரில் பதினோரு பெண்கள் சட்டியோடு நிற்கிறார்கள், அண்ணே. என்னை எழுதியவர் குடைக்குக் கீழே நின்றவரை மட்டும்தான் பார்த்தார்.”

“அதுதான் பலர் என்று போட்டிருக்கிறாரே, போதாதா?”

“பலர் என்று கேட்டுக்கொண்டு எந்த மகள் வருவாள்?”

“துளை கிழிந்தால் உனக்குக் குப்பைக்கூடைதான். அமைச்சர்கூடக் காப்பாற்ற மாட்டார்.”

“கிழியட்டும்” என்று அட்டை ஒரே இழுப்பாக இழுத்தது. துளை கிழிய, அது மரகதவல்லியின் காலடியில் போய் விழுந்தது.

அவள் குனிந்து எடுத்தாள். ‘அணை திறப்பு’ என்பதைப் படித்துவிட்டு, அட்டையிலிருந்த எண்ணை நூலகரிடம் சொல்லிப் படத்தைக் கேட்டாள். படம் வந்ததும், அமைச்சரின் தோளுக்குப் பின்னால் தெரிந்த ஒரு முகத்தில் அவள் விரல் வெகுநேரம் நின்றது.

நூலகர் படத்தை நகலெடுக்க உள்ளே போனார். அவள் மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, ‘அமைச்சர்’ என்பதற்கு முன்னால் ‘பேச்சியம்மாள்’ என்று எழுதி, கிழிந்த அட்டையை ‘க’ இழுப்பறையில் முதலாவதாக வைத்து மூடினாள்.