வீட்டுக்குக் கால் கிடையாது

"கையெழுத்துப் போட்டாச்சா, இனிமேதானா? அதை மொதல்ல சொல்லுங்க."

"இனிமேதான் சார்."

"நல்லவேளை. போட்டுட்டு வந்திருந்தா நான் துக்கம் விசாரிச்சுதான் அனுப்பியிருப்பேன்."

வக்கீல் சிரிக்காமல் சொன்னார். கோர்ட் வட்டாரத்தில் அவருக்குச் 'சிடுமூஞ்சி' என்றே பெயர். நெரிசலான மாடியறை. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுவதா, நின்றுவிடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தது. பேங்க்கில் கொடுத்த படிவத்தை அவள் நீட்டினாள்.

வக்கீல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"அட்டைப்பெட்டி கம்பெனி. நடத்துறது உங்க வீட்டுக்காரர். கடன் அவர் பேர்ல. அதுக்கு ஈடா வைக்கப்போறது ரெண்டு ரூம் வீடு. அப்படித்தானே?"

"ஆமா சார்."

"கம்பெனி எப்படி ஓடுது? புருஷன்னு பார்த்து மழுப்பாதீங்க."

அவள் தரையைப் பார்த்தாள். "ஓடல சார். பெரிய பார்ட்டி ஒருத்தர் சரக்கை எடுத்துட்டுக் கையை விரிச்சுட்டார். ஆளுங்களுக்குச் சம்பளம் பாக்கி. கடன் கொடுத்தவங்கல்லாம் வாசல்ல வந்து கத்துறாங்க. அவரை உள்ளே தள்ளாம விடமாட்டோம்னு மிரட்டுறாங்க. இந்தப் பணம் வந்தா அவங்க வாயை அடைச்சுடலாம்."

"அடைச்சுடலாம். மாசாமாசம் தவணை யார் கட்டுவா?"

வக்கீல் தாளை மேஜையில் போட்டார்.

"பேங்க்ல என்ன சொன்னாங்க?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான்னாங்க."

"பாதுகாப்புதான். யாருக்கு? அவங்களுக்கு! கடன் வாங்கினவனுக்குக் கால் இருக்கும்மா. ராத்திரியோட ராத்திரியா ஊரைவிட்டு ஓடிடுவான். வீட்டுக்குக் கால் கிடையாது. அதான் வீட்டைக் கேக்குறாங்க."

"கம்பெனி மெஷினையெல்லாம் வித்துப் பார்த்துட்டு, அதுக்கப்புறம்தானே சார் வீட்டுக்கு வருவாங்க?"

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. இதோ, இந்தப் பொடி எழுத்தைப் பாருங்க. எதை வேணும்னாலும் மொதல்ல தொடலாம்னு எழுதியிருக்கு. துருப்பிடிச்ச மெஷினை எவன் வாங்குவான்? நேரா வீட்டுக்குத்தான் வருவாங்க."

"கடன் பணத்துல ஒத்தைப் பைசாகூடக் கையால தொடலைன்னா?"

"தொட்டது யாருன்னு கேக்க மாட்டாங்க. கையெழுத்து யாருதுன்னுதான் கேப்பாங்க."

வக்கீல் தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"பயமுறுத்தணும்னு சொல்லல. போன மாசம் ஒரு வீட்டைப் பூட்டப் போனேன். பேங்க் சார்பா நான்தான் வக்கீல். தம்பி கடனுக்கு ஜாமீன் போட்ட ஒரு அம்மா. அழுவாங்க, சண்டை போடுவாங்கன்னு ரெண்டு போலீஸோட போனேன். அந்தம்மா அடுப்புல இருந்த பாலை இறக்கி வெச்சுக்கறேன்னு மட்டும் கேட்டாங்க. இறக்கி வெச்சுட்டு, வீடு முழுக்கக் கூட்டிப் பெருக்கிட்டு, சாவியை என் கையில குடுத்தாங்க. அதுக்கு அழுதிருக்கலாம்."



"இதையெல்லாம் கையெழுத்து வாங்கும்போது பேங்க்ல விளக்கிச் சொல்ல மாட்டாங்களா சார்?" என்றாள்.

"சொல்லணும். ஆனா மூடுற நேரமாப் பார்த்துப் போனீங்கன்னா, எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி படிச்சுட்டு, 'புரிஞ்சுதா?'ன்னு கேப்பாங்க. எல்லாரும் மண்டையை ஆட்டிட்டுப் போட்டுடுவாங்க. புரியலைன்னு சொன்னவங்களை நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல."

அவள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"அந்த வீட்டுக்காகப் பட்ட பாடு எனக்குத் தெரியும் சார். தையல் மெஷினை மிதிச்சு மிதிச்சுக் காலே வீங்கிப்போச்சு. அதை விட்டா ஒதுங்க வேற இடம் கிடையாது."

சிடுமூஞ்சியின் முகம் முதல்முறையாக இளகியது.

"அப்புறம் என்னம்மா? வேண்டாம்னு சொல்லிடுங்க. புருஷன் நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவார், அஞ்சாம் நாள் பசிச்சா பேசுவார். வீடு போச்சுன்னா போனதுதான்."

அவள் பர்ஸைத் திறந்தாள். வக்கீல் கையை உயர்த்தித் தடுத்தார்.

"வேண்டாம். கையெழுத்துப் போடாம இருங்க. அதான் என் ஃபீஸ்."

கும்பிட்டுவிட்டு எழுந்தாள். படிகளில் பாதி இறங்கியதும் நின்றாள். வாசலில் நின்று கத்திய ஆட்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன. மூன்று நாளாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் கணவன் நினைவுக்கு வந்தான். முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு மிச்சப் படிகளையும் இறங்கினாள்.

கீழே, ஜெராக்ஸ் கடை நிழலில், வீட்டுப் பத்திரம் இருந்த துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவளுடைய அக்கா நின்றிருந்தாள். வீங்கிய காலை மாற்றி மாற்றி ஊன்றியபடி தங்கையின் முகத்தையே பார்த்தாள்.

"வக்கீல் என்னடி சொன்னார்? எனக்கு இந்தக் கணக்கு வழக்கெல்லாம் புரியாதுன்னுதானே உன்னை அனுப்பினேன். என் வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"ஒண்ணும் ஆகாதாம்க்கா, வெறும் கையெழுத்துதானாம்" என்று அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சீக்கிரம் வா, பேங்க்கை மூடப் போறாங்க."