சும்மா உட்கார்ந்திருந்தவர்

2058 ஆகஸ்ட் 12. நேற்று மாலை நிர்வாக வகுப்பில் ஒரு தவறு செய்துவிட்டேன். ஈரோட்டுச் சாயப்பட்டறை ஒன்றின் கேமராப் பதிவைப் பார்த்து, நாள் முழுதும் சும்மா உட்கார்ந்திருந்த ஒருவரை வேலைக்குத் தேவையில்லாத 'உபரி' என்று குறித்தேன். எங்கள் விடைகள் மறுநாள் காலையே ஆலைகளில் அமலாகிவிடும்.

இன்று பத்து மணிக்கு அங்கே பாய்லர் வெடித்தது. அவர் அதன் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தவராம். எங்கள் எதிர்வீட்டு ரஞ்சிதம் அக்கா, பாய்லர் பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்தவர், இறந்துவிட்டார்.

இன்றைய வகுப்பில் சாரிடம் சொன்னேன்.

"நீ மட்டுமா கண்ணு? நாடு பூரா அவங்கவங்க ஊர் பாய்லர்காரரத்தான் உபரின்னு எழுதியிருக்காங்க. எல்லாருக்கும் முழு மார்க்கு."

"நீங்க பாய்லரைப் பார்த்திருக்கீங்களா சார்?"

"படத்துல பார்த்திருக்கேன்."

நாளை காலை: அக்காவின் கணவரிடம் போய், குறித்தது நான்தான் என்று சொல்ல வேண்டும்.