வெள்ளைத் துணி

மேஸ்திரி அக்காவுக்கு நான் தரவேண்டியது முந்நூற்று நாற்பது. எல்லாம் துணிப் பாக்கி.

மூட்டை மூட்டையாக வரும் துண்டுத்துணிகளைப் பிரித்துக் கட்டுவது எங்கள் வேலை. இயந்திரம் துடைக்கப் போகும். அதில் நல்ல வெள்ளையாகப் பார்த்து அக்கா தனியாகக் கட்டி வைப்பாள். கடையில் விற்கும் நாப்கின் எங்கள் கூலிக்குக் கட்டுப்படியாகாது. மாதத்துக்கு ஒரு கட்டு அவளிடம் வாங்கிக்கொள்வோம்.

காசில்லை என்றாலும் கொடுத்துவிடுவாள். வாய் மட்டும் சும்மா இருக்காது.

“கடன்லயே ஒன்பது வருஷம் ஓட்டிட்ட மகராசி. இன்னைக்கு ரெண்டு கட்டா?”

இரண்டுதான் வேண்டும். என் மகள் பெரியவளாகி ஒரு மாதம் ஆகியிருந்தது.

அக்கா புது மூட்டையின் தையலை இழுத்தாள். நூலோடு ஓர் அட்டை வந்து என் மடியில் விழுந்தது. தினமும் குப்பையோடு கூட்டித் தள்ளும் அட்டைதான்.

நான் எழுத்துக்கூட்டப் பழகி நாலு மாதம். கண்ணில் பட்டதையெல்லாம் வாய் முணுமுணுக்கும்.

முதல் வரி பிடிபடவில்லை. ஏதோ ரசாயனம் என்றிருந்தது. தாண்டிப் போனேன்.

கையுறை இல்லாமல் தொடக் கூடாது. தோலில் படக் கூடாது.

திரும்பவும் விரல் வைத்துப் படித்தேன். எழுத்து மாறவில்லை.

எனக்கு மாதாமாதம் அரிப்பு, புண். என்ன வைக்கிறாய் என்று டாக்டரம்மா கேட்டபோது, சுத்தமான வெள்ளைத் துணி, வெந்நீரில் அலசியது என்று பெருமையாகச் சொன்னவள் நான்.

கையால் தொடக் கூடாததையா என் பிள்ளைக்கு எடுத்துப் போக இருந்தேன்?

தெரிந்தே விற்றிருக்கிறாள். இரண்டு கட்டையும் அவள் காலடியில் விட்டெறிந்தேன். அட்டையை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவள் அட்டையைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உரக்கப் படித்தேன்.

இன்னொரு தரம் என்று விரலைக் காட்டினாள். படித்தேன்.

அக்காவின் மகள் மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். உள்ளே புண், சீழ், இறங்காத காய்ச்சல். எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை.

அக்கா தன் உள்ளங்கை இரண்டையும் விரித்துப் பார்த்தாள். பிறகு அவற்றைச் சேலையில் அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

“பாக்கியெல்லாம் விடுடி. நீ ஒண்ணும் தர வேணாம்” என்றாள். “எந்த மூட்டை பிரிச்சாலும் முதல் கட்டு எம் பொண்ணுக்குத்தான் எடுத்து வைப்பேன்.”