புத்தூர் மூக்கு

“உலகத்திலை சொந்தக்காரன் ஒருத்தனும் இல்லாத கொம்பனி இது ஒண்டுதான், பிள்ளை” என்றார் மனேஜர் கேதீஸ்வரன். முகத்தில் சிரிப்பில்லை. மற்றக் கொம்பனிகள் எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் போல இருந்தார்.

வேலை கேட்டு வந்திருந்த டிலக்ஷி, “ஓம் சேர்” என்றாள்.

சண்டிலிப்பாயில் மரக்கறி பொதிசெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் இடம் அது.

“முந்தி இருந்த மனேஜர் ஸ்ரோருக்குத் தன்ரை மச்சானைப் போட்டார். மச்சான் வாசலுக்குத் தன்ரை தம்பியைப் போட்டான். கத்தரிக்காய் அழுகினாலும் ஆரையும் ஆரும் ஏசேலாது. ஏசினால் அடுத்த கலியாணவீட்டிலை முகம் பார்த்துக் கதைக்கமாட்டினம். கனடாவிலையிருந்து முதலாளி ஒரே சட்டம் போட்டார். தன்ரை சொந்தமும் வேண்டாம், என்ரை சொந்தமும் வேண்டாம். போன மாதம் தன்ரை சித்தப்பாவையே நிப்பாட்டினவர். கடிதத்தைக் கையிலை குடுத்தது நான்தான்.”

டிலக்ஷி சேட்டிபிக்கற்றுகளை மேசையில் பரப்பினாள்.

“உமக்கு எந்த ஊர்?”

“மாங்குளம், சேர்.”

“அப்பா என்ன செய்யிறார்?”

“போயிலைத் தோட்டம் செய்தவர். இப்ப பாரிசவாதம் வந்து படுக்கையிலை. உழைக்கிறதுக்கு நான் மட்டுந்தான்.”

“மாங்குளத்திலை போயிலையோ? அங்கை நெல்லெல்லே?”

கேதீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சந்தையில் பூசணிக்காய் பார்ப்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தார்.

“உது புத்தூர் மூக்கு. நீர் தியாகராசாவின்ரை மகளெல்லே?”

தலை குனிந்தது. “ஓம்.”

“அவன் எனக்கு ஒண்டுவிட்ட தம்பி!”

“தெரியும் சேர். ஊரைச் சொன்னால் வேலை கிடையாது எண்டு சொன்னவை.”

“அதுக்காகப் பிறந்த ஊரை மறைக்கிறதோ? ஒரு வேலைக்காகச் சொந்தச் சனத்தைத் தெரியாதெண்டு சொல்லுறதும் ஒரு பிழைப்போ? வெக்கங்கெட்ட வேலை!” மேசையில் ஓங்கி அடித்தார். தேத்தண்ணிக் கோப்பை ஒருமுறை துள்ளி அமர்ந்தது.

“ஒரு கிழமை வைச்சுப் பாருங்கோ, சேர். வேலை தெரியாட்டி அனுப்புங்கோ. பெரியப்பா எண்டு ஒருநாளும் கூப்பிடமாட்டன்.”

“எழும்பும்.”

எழும்பினாள். சேட்டிபிக்கற்றுகளை அடுக்கி எடுத்தாள். கதவுப்பிடியில் கை வைக்கையில் மேசையில் இருந்த போன் அடித்தது. முதலாளி கிருஷாந்.

“நில்லும்” என்றார் கேதீஸ்வரன். “நீர் செய்த வேலையை முதலாளியும் கேக்கட்டும்.” ஸ்பீக்கரைப் போட்டார்.

“கேதீஸ் அண்ணை, அம்மாவுக்கு உங்களோடை ஒருக்காக் கதைக்கோணுமாம். ஊராக்களோடை கதைக்காட்டி அவவுக்குப் பொழுது போகாது. குடுக்கிறன்.”

“தம்பி, நீர் எந்த ஊர்?” என்றது ஒரு பெண் குரல். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “புத்தூரிலை எங்கடை சின்னாச்சி மாமிக்கு ஒரு பெடியன் இருந்தவன். வீட்டிலை ராசன் எண்டுதான் கூப்பிடுறவை, பள்ளிக்கூடப் பேர் தெரியாது. எனக்கு மச்சான் முறை. கிருஷாந்துக்குச் சொந்த மாமன் மாதிரி. அவன் இப்ப எங்கை இருக்கிறானெண்டு விசாரிச்சுச் சொல்லுவீரோ?”

கதவடியில் நின்ற டிலக்ஷி மெதுவாகத் திரும்பினாள்.

தன்னைப் பெற்றவளின் பெயரைக் கேட்ட கேதீஸ்வரன் ஸ்பீக்கரை நிறுத்தினார். எதிரே இருந்த கதிரையைக் காட்டி, இருக்கச் சொல்லி டிலக்ஷிக்குக் கையால் சைகை செய்தார். பிறகு போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு, அவளுக்கும் கேட்காத குரலில் சொல்லப் பார்த்தார், கேட்டுவிட்டது.

“அப்பிடி ஒருத்தரையும் எனக்குத் தெரியாதம்மா. நான் வவுனியா.”