யானை தாங்கும் பலகை

"யானையே ஏறி நின்னாலும் இந்தப் பலகை அசையாது!"

நாற்காலி மேல் நின்றபடி கணவன் அறிவித்தான். கையில் சுத்தியல், தலையெல்லாம் சுவர்த் தூள். படுக்கையறையில் பரண் கட்டி முடித்த பெருமை முகத்தில் வழிந்தது.

அவள் அண்ணாந்து பார்த்தாள். சுவருக்குச் சுவர் நீளமாக ஒரே பிளைவுட் பலகை. அந்தக் கோடியில் ஒரு இரும்புத் தாங்கி, இந்தக் கோடியில் ஒன்று. நடுவில் காற்றுதான்.

"என்னங்க, நடுவுலயும் ஒரு தாங்கி கொடுக்கணும்னு கடைக்காரர் சொன்னாரே?"

"சொல்லுவான். இன்னொண்ணு வித்தா அவனுக்குத்தானே லாபம்? நான் வீடியோவே பார்த்துட்டுதான் கட்டியிருக்கேன். முக்கால் இஞ்ச் பலகை இது. உனக்கென்ன தெரியும்?"

பழைய கிரைண்டர் மேலே போனது. தையல் மிஷின் போனது. மாமியாரின் இரும்புப் பெட்டி போனது. பாரம் போதாதென்று, கணவன் படித்துக் கிழித்த காலத்துப் புத்தக மூட்டையும் ஏறியது.

அதற்கு நேர் கீழேதான் குழந்தையின் மெத்தை. அந்த அறையில் வேறு இடமில்லை.

சில நாள் போனது. பலகையைத் துடைக்க ஏறியவள், கீழே இறங்கியதும் மெல்லச் சொன்னாள்.

"என்னங்க, பாப்பாவோட பந்தை ஓரத்துல வச்சேன். தானா நடுவுக்கு ஓடிப்போய் நிக்குது. பலகை தொய்யுதுங்க."

"பந்துன்னா ஓடத்தான் செய்யும். பாய் விரிச்சுப் படுக்குமா?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியாருக்கு வாய் சும்மா இருக்குமா?

"என் பையன் செஞ்சதுல நொட்டை சொல்லலைன்னா உனக்குச் சோறு இறங்காதே! உங்கப்பா கட்டின வீடு மட்டும் ஒழுகலையாக்கும்?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். மனசுதான் மூடவில்லை. மறுநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பாப்பாவை மட்டும் ஹால்ல படுக்க வச்சுக்கவா?"

"ஹால்லயா? நாலு பேர் வந்து போற இடத்துல மெத்தையை விரிச்சா அசிங்கமா இருக்காது? பெத்த அப்பன் எனக்கு இல்லாத அக்கறை, உனக்கு மட்டும் பொத்துக்கிட்டு வருதாக்கும்!"

அன்றிலிருந்து குழந்தையின் தலைக்கு மேல் ஒரு கையைக் குடையாக வைத்துக்கொண்டே படுத்தாள். யானையைத் தாங்கும் பலகை. அது விழுந்தால் தாங்க, அவள் கை.

அந்த ஞாயிற்றுக்கிழமை புது டி.வி. வந்து இறங்கியது. சுவர் அகலத்துக்கு ஒன்று. கணவன் அதை மாப்பிள்ளையை அழைத்து வருவதுபோல் உள்ளே அழைத்து வந்தான்.

மாட்ட வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் படுக்கையறையைக் காட்டினார்.

"சார், பிளக் இங்கதான் வசதியா இருக்கு. குழந்தை மெத்தையை எடுத்துட்டா இந்தப் பரணுக்குக் கீழயே மாட்டிடலாம்."

"ஐயையோ! அங்க வேண்டாம்ப்பா!"

"ஏன் சார்? நல்ல இடம்தானே?"

"நல்ல இடமா? மேல பாருப்பா, பலகை எப்படித் தொங்குதுன்னு! என்னைக்கு விழுமோ தெரியாது. விழுந்தா ஸ்கிரீன் என்னத்துக்கு ஆகும்?"

மாட்ட வந்தவர் பலகையைப் பார்த்தார். கீழே தூங்கும் குழந்தையைப் பார்த்தார். டி.வி.யை ஹாலுக்குத் தூக்கிப் போய்ச் சுவரில் மாட்டினார். அன்றும் காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியாரின் கத்தி பாதிக் காயிலேயே நின்றுவிட்டது.

அவள் படுக்கையறைக்குள் போனாள். மெத்தையோடு குழந்தையை அள்ளிக்கொண்டு வந்து, ஹாலில் டி.வி.க்குக் கீழே படுக்க வைத்தாள்.

"இங்க எதுக்கு?" என்றான் கணவன்.

"டி.வி.க்குப் பத்திரமான இடம் பாப்பாவுக்கும் பத்திரம்தானேங்க?"

கணவன் டி.வி.யையும் மெத்தையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பெரிய மனதோடு தலையாட்டினான்.

"சரி, சரி, இருக்கட்டும். ஆனா எழுந்து ஸ்கிரீன்ல கை வச்சுடாம பார்த்துக்கோ!"